இந்த மீன் நீலகிரி டெவாரியோவா? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊருக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து ஓடையில், மதகுக்கு அடியில் ஒரு சின்ன மீன்கூட்டம் இருக்கிறது. விரல் நீளம்தான். மேல்தண்ணீரிலேயே நின்று, விழுகிற பூச்சியைப் பாய்ந்து பிடிக்கின்றன. திரும்பும்போது விலாவில் நீலப்பட்டை பளிச்சென்று தெரிகிறது, அதை ஒட்டி மஞ்சள் கோடு.

டெவாரியோ பேரினம் (நெருங்கிய உறவுள்ள சிறு மீன் இனங்களின் கூட்டம்) என்பது வரைக்கும் உறுதி. இனம்தான் பிடிபடவில்லை. மீனியலாளர் பிரான்சிஸ் டே 1867-ல் விவரித்த டெவாரியோ நீல்கெரியென்சிஸா (இதுதான் நீலகிரி டெவாரியோ), இல்லை பரவலாகக் கிடைக்கும் டெவாரியோ மலபாரிகஸா? முதலாவது என்றால் பெரிய விஷயம். அது நம் நீலகிரி மலையைச் சேர்ந்த மீன், அழியும் ஆபத்தில் உள்ள இனம். வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட இங்கே கொண்டுவந்து விட்ட ட்ரௌட் மீன், சின்ன மீன்களைத் தின்னும். தோட்டத்து மருந்துத் தண்ணீர் வேறு ஓடையில் இறங்குகிறது.

துடுப்பைத் தாங்கும் மெல்லிய முள் போன்ற கதிர்களை எண்ணியும் பட்டைகளின் அமைப்பைப் பார்த்தும் இனம் பிரிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கண்ணாடித் தொட்டியில் சிறிது நேரம் வைத்து, பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்புகிறேன். எந்தெந்த இடம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பைக்காரா, குந்தா, கூடலூர் பக்கம் இதே மாதிரி மீனைப் பார்த்தவர்களும், வீட்டுப் பெரியவர்கள் இதை என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதினால் ரொம்ப உதவியாக இருக்கும். ஓடை இருக்கும் இடத்தைப் பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.