கடற்கரை மேலாண்மை முன்னேறியதா என்று எதை வைத்துச் சொல்வது? தென்பெண்ணை ஆற்றோரம் இருப்பவர்களுக்கு அதில் பங்கு உண்டா?

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
மகள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் ஒரு திட்ட அறிக்கையைக் காட்டினாள். ஒருங்கிணைந்த கடற்கரை மண்டல மேலாண்மையில், அதாவது கரை, கடல், அங்கே வாழும் மக்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதில், எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்பது தலைப்பு. உள்ளே இருந்ததெல்லாம் நட்ட அலையாத்திக் கன்றுகள், நடத்திய பயிற்சிகள், அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டிய கல் எத்தனை மீட்டர் என்ற கணக்குதான். எனக்கு மனசு ஆறவில்லை. ஒட்டுமாங்கன்று நட்ட அன்று எண்ணினால் அது கூலிக் கணக்கு. மூன்று கோடை தாண்டி எத்தனை நிற்கிறது என்று எண்ணினால்தான் தோப்புக் கணக்கு.

இன்னொன்று. அந்த அறிக்கையில் ஆற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போனது. சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கன அடி வரை திறந்தார்கள். விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. கிருஷ்ணகிரி வழியாக வரும் அந்த ஆறு கடலூரில்தான் கடலில் சேர்கிறது. கடலூர்க் கரையை அளக்கிறவர்கள் கிருஷ்ணகிரியிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும்.

தருமபுரி பொறியாளர் (ஓய்வு):
தம்பி, முதல் பாதி சரி. இரண்டாவதை ஏற்க மாட்டேன். 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தபோது கடல் ஏறி நிற்கும் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்துப் பக்கம் 500 மீட்டர் என்று கட்டுப்பாட்டுக்கு ஒரு கோடு போட்டார்கள். 2011, 2019 அறிவிக்கைகளில் விதிகள் மாறின, ஆனாலும் கோடு என்று ஒன்று இருக்கிறது. கோடு இருந்தால்தான் இன்னார் பொறுப்பு என்று கேட்க முடியும். ஆறு பிறக்கிற நந்தி மலை வரை நீட்டிவிட்டால் எல்லாரும் பொறுப்பு, அதாவது ஒருவரும் பொறுப்பில்லை. முப்பது வருடம் அரசுப் பணியில் இருந்தவன், இதைப் பார்த்தே நரைத்தவன்.

கூட்டம், பயிற்சி, ஒப்புதல் கணக்கையும் அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 2006இல் இந்த முன்னேற்றத்தை அளக்க ஒரு கையேடு போட்டது. நிர்வாகம், சூழல், மக்கள் வாழ்வு என்று மூன்று வகை அளவுகோல்கள் அதில் உண்டு. நிர்வாகத்துக்குத் தனி வகை ஏன்? கரை மாற இருபது வருடம் ஆகும். அதுவரை வேலை நடக்கிறதா என்று பார்க்க வேறு வழி இல்லை. ஒரு புயல் வந்தால் நல்ல திட்டமும் தோற்ற மாதிரி தெரியும்.

கிருஷ்ணகிரி மருமகள்:
நான் பிறந்தது கடலூர் தேவனாம்பட்டினத்துப் பக்கம். அண்ணன் இருவரும் கடலுக்குப் போகிறவர்கள். கல் கொட்டிய மீட்டரை முன்னேற்றம் என்று எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கரைவலை இழுக்க மணல் வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து, குதிகால் மணலில் புதையப் பின்னால் நடப்பார்கள். பெரிய பெரிய கல்லைப் போட்டு நிரப்பிய இடத்தில் எங்கே கால் ஊன்றுவது? ஃபைபர் படகை ஏற்றவும் இடம் கிடையாது. திட்டக் கணக்கில் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட கரை. எங்கள் ஆட்களுக்கு அது போன கரை.

புதுச்சேரியையும் பாருங்கள். எங்கள் கடலில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. அங்கே கல் போட்டதும் அரிப்பு அதற்கு வடக்கே இருக்கிற மீனவர் ஊர்களுக்குப் போய்விட்டது. ஓர் ஊரை மட்டும் அளந்தால் வெற்றி, அடுத்த ஊரையும் சேர்த்து அளந்தால் தோல்வி.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
அக்கா சொன்னதைத்தான் நான் ஆற்றுக்குச் சொல்கிறேன். சார், மத்திய அரசின் கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை நாட்டின் கரையைச் செயற்கைக்கோள் படங்களால் அளந்தது. சுமார் மூன்றில் ஒரு பங்கு, 33.6 சதவீதம், அரிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் உங்கள் 500 மீட்டர் கோடு போட்ட பிறகான காலம்தானே அது?

தருமபுரி பொறியாளர் (ஓய்வு):
அந்த 33.6ஐ மேலாண்மையின் மதிப்பெண்ணாக எடுப்பது தவறு. துறைமுகம், கடல்மட்ட உயர்வு, ஆற்றிலிருந்து வருகிற மணல் குறைந்தது எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
ஆற்று மணல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் சார்! கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று தென்பெண்ணையில் வரிசையாக அணைகள். மணல் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. மிச்சத்தை லாரி அள்ளுகிறது. கரைக்குத் தீனி போகிற வாயை விட்டுவிட்டு, கரை ஏன் இளைத்தது என்று கேட்டால் எப்படி?

தருமபுரி பொறியாளர் (ஓய்வு):
சரி, அந்த ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முகத்துவாரத்துக்கு வந்து சேரும் மணலின் அளவு கடற்கரை அறிக்கையில் இருக்க வேண்டும். அணை நிர்வாகத்தை அந்த அறிக்கைக்குள் இழுப்பதை மட்டும் இப்போதும் எதிர்க்கிறேன். அளவு தெரியட்டும், பொறுப்பு தனித்தனியாக இருக்கட்டும்.

கிருஷ்ணகிரி மருமகள்:
மாசி மகத்துக்கு ஊருக்குப் போகிறேன். அம்மா வீட்டுப் பின்கதவிலிருந்து அலை விளிம்பு வரை நாடா பிடித்து அளந்து இங்கே எழுதுகிறேன். சின்ன வயசில் அந்த இடத்தில் மூன்று வரிசை படகு நிற்கும்.

தருமபுரி பொறியாளர் (ஓய்வு):
நல்லதும்மா. அன்றைக்குப் பௌர்ணமி, ஓதம் மேலேறியிருக்கும். மணியைக் குறித்துக்கொள். அடுத்த வருடமும் அதே மாசி மகம், ஓதம் ஏறி நிற்கிற அதே நேரத்தில் அளக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அளந்ததோடு ஒப்பிடாதே, வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கரை தானாகவே ஒடுங்கும். வாசற்படியில் ஆணி அடித்து அங்கிருந்து நாடாவைப் பிடி.