குழந்தைகளிடம் மருத்துவ ஆய்வு: கையெழுத்துக்குப் பிறகு எங்கே சறுக்குகிறது?

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
பெற்றோர் தருவது ஒப்புதல், பிள்ளை தருவது இசைவு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்ற நினைப்பில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. பிள்ளை அழவில்லை, கையை உதறவில்லை என்பதெல்லாம் இசைவு ஆகாது. 1983இல் வந்த அமெரிக்க விதியே இதை வெளிப்படையாகச் சொல்கிறது: எதிர்ப்புக் காட்டாமல் இருப்பதை மட்டும் வைத்து இசைவு என்று கொள்ளக் கூடாது.

சறுக்குவது பெரும்பாலும் வரிசையில். ஊசி, பஞ்சு, டியூப் எல்லாம் தட்டில் வந்தபிறகு "சரியா கண்ணா?" என்று கேட்டால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கும், அம்மா தலையசைப்பார், பிள்ளையும் தலையசைக்கும். அது அம்மாவின் பதில். ஊசி போடும் அறைக்கு வெளியே, முடிந்தால் முந்தைய நாளே, படம் காட்டிப் பேசிவிடுங்கள். பேசிய பிறகு மூன்று கேள்விகள்: என்ன செய்யப்போகிறோம்? எவ்வளவு நேரம் ஆகும்? நீ வேண்டாம் என்றால் என்ன நடக்கும்? மூன்றாவதற்கு "டாக்டர் கோச்சுக்குவாங்க" என்று பதில் வந்தால் இசைவு இன்னும் கிடைக்கவில்லை. பொம்மை, ஸ்டிக்கர் எதுவானாலும் முடிவு தெரிந்தபிறகே வெளியே எடுங்கள். மறுத்த பிள்ளைக்கும் அதே ஸ்டிக்கர்தான்.

குழந்தை மருத்துவர்:
ரத்த அளவைப் பற்றியும் பேச வேண்டும். "சிறிதளவு ரத்தம்" என்று படிவத்தில் எழுதுவது ஏமாற்று வேலை. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி ஆய்வுக்காக எடுப்பது ஒரே தடவையில் உடலின் மொத்த ரத்தத்தில் 1 சதவீதத்தையும், நான்கு வாரங்களில் 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. கைக்குழந்தைக்குக் கிலோவுக்கு 80 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 320 மில்லிதான். ஒரு தடவைக்கு 3.2 மில்லி, நான்கு வாரத்துக்கு 9.6 மில்லி. பெரியவர்களுக்கான 5 மில்லி டியூப் ஒன்றை நிரப்பினாலே வரம்பு போச்சு.

காகிதத்தில் கணக்குச் சரியாக வரும், வார்டில் இடிக்கும். ரத்தக்குழாயில் ஏற்கெனவே செருகியிருக்கும் குழாய் வழியாக எடுக்கும்போது முதலில் இழுத்துக் கொட்டுகிற ரத்தத்தை யாரும் எழுதுவதில்லை. அணுக்கள் சிதைந்து மாதிரி வீணானால் மறுபடி எடுப்பார்கள், அதுவும் கணக்கில் ஏறாது. சிகிச்சைக்கென்று வார்டு தனியாக எடுப்பது இன்னொரு பக்கம். கட்டிலருகே ஒரே தாள் தொங்கட்டும், யார் எடுத்தாலும் மில்லியை அதில் எழுதட்டும். ஆய்வு ரத்தத்தை வார்டு எடுக்கும் அதே குத்தலில் சேர்த்து எடுத்தால் குழந்தைக்கு ஒரு ஊசி மிச்சம். ரத்தசோகை உள்ள குழந்தைக்கோ குறைமாதக் குழந்தைக்கோ இந்த வரம்பே அதிகம்.

மரத்துப்போகச் செய்யும் களிம்பு வேலை செய்யக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வேண்டும். அவசரத்தில் பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டுக் குத்துவதற்குத் தடவாமலே இருக்கலாம். வலிக்காது என்று சொன்ன பிறகு வலித்தால் அடுத்த தடவை அந்தப் பிள்ளை யாரையும் நம்பாது.

மருந்தியலாளர்:
இதையெல்லாம் படித்துவிட்டு "பேசாமல் குழந்தைகளை ஆய்வில் சேர்க்காமல் விட்டுவிடலாமே" என்று தோன்றும். விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் கதை போதும். பச்சிளம் குழந்தையின் கல்லீரலால் அந்த மருந்தைப் போதிய அளவு மாற்றி வெளியேற்ற முடியாது. அது உடம்பில் தேங்கி, சாம்பல் நிறம் பாய்ந்து குழந்தைகள் இறந்தார்கள். 1959இல்தான் காரணம் பிடிபட்டது. ஆய்வு செய்யாமல் பெரியவர் அளவை எடையால் வகுத்துக் கொடுப்பதும் ஒரு சோதனைதான், பதிவேடு இல்லாத சோதனை.

நெறிமுறைக் குழு உறுப்பினர்:
அது சரி. ஆனால் வில்லோபுரூக்கையும் மறக்க வேண்டாம். 1956இல் தொடங்கி, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் தங்கிய அந்த நியூயார்க் விடுதியில் பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்தே ஆராய்ந்தார்கள். பெற்றோர் கையெழுத்தும் இருந்தது. விடுதியில் இடமில்லை என்று கதவை மூடிய காலத்திலும் ஆய்வு வார்டில் மட்டும் இடம் கிடைத்தது. அந்த நிலையில் வாங்கிய கையெழுத்துக்கு என்ன மதிப்பு? சிகிச்சை தரும் மருத்துவரே ஒப்புதல் கேட்டால் "வேண்டாம்" என்பது பெற்றோர் வாயில் வராது. வேறொருவர் கேட்கட்டும்.

வளரிளம் பருவத்தினர் விஷயத்தில் திட்ட வரைவுகள் அதிகம் கோட்டைவிடுவது கர்ப்பப் பரிசோதனையில். மருந்து ஆய்வுக்கு அது கட்டாயம் என்று எழுதுவார்கள், முடிவை யாரிடம் சொல்வது என்று எழுத மாட்டார்கள். பெண்ணிடம் தனியாக முதலில் சொல்வதா, பெற்றோருக்கு உரிமை உண்டா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்து முன்பே முடிவுசெய்து, பரிசோதனைக்கு முன் அவளிடமே சொல்லிவிட வேண்டும். புகை, மது பற்றிய கேள்வித்தாளுக்கும் பெற்றோர் அறைக்கு வெளியே. அதே மூச்சில் "நீ சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துன்புறுத்தல் தெரியவந்தால் சொல்லியாக வேண்டியிருக்கும், அதை முதலிலேயே சொல்லுங்கள்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:
ஒன்று விட்டுப்போச்சு. ஆறு வயதில் சேர்ந்த பிள்ளை ஆய்வு நடக்கும்போதே பத்து, பன்னிரண்டு ஆகிவிடும். பழைய படக்கதைப் படிவம் அப்போது செல்லாது, மறுபடி பேச வேண்டும். சட்டப்படி வயது வந்ததும் அவரிடமே புது ஒப்புதல். உறைபெட்டியில் இருக்கும் மாதிரிக்கும் இது பொருந்தும். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மாதிரியை என்ன செய்வது என்பது முதல் நாள் படிவத்திலேயே இருக்க வேண்டும். சேரும் நாளிலேயே பிறந்த தேதியை வைத்து நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.