யோக் மூலையில் தலைமுடி போல ஒரு கோடு, கம்பிதான் மோசமா?

ஓசூரிலிருந்து கேள்வி:
வணக்கம். ஓசூரில் சின்ன ஃபோர்ஜிங் பட்டறை வைத்திருக்கிறேன். 1 டன் டிராப் ஹேமர், ஆயில் உலை. டிராக்டர் யோக் (கவை மாதிரி இரண்டு கை உள்ள இணைப்பு உருப்படி) அடிக்கிறோம், ஈஎன் 8 (நடுத்தரக் கார்பன் எஃகு), 50 மி.மீ. ரவுண்டு கம்பி. பத்து நாளாகத் தூக்கம் இல்லை. ஹார்டனிங் (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது) முடிந்து காந்தச் சோதனைக்குப் போனால், கையும் உடம்பும் சேரும் மூலையில் கோடு தெரிகிறது. கடைசி 60 உருப்படியில் 14 ரிஜெக்ட். புது லோடு கம்பியில்தான் கோளாறு என்று சப்ளையரிடம் சத்தம் போட்டுவிட்டேன். ஹார்டனிங்கில் வெடித்திருக்கும் என்கிறார் ஹேமர்காரர். டை (உருப்படிக்கு வடிவம் தரும் அச்சு) போன மாதம்தான் மறுபடி வெட்டி வந்தது, அதனால் அதில் ஒன்றும் இருக்காது. வேறு என்ன பார்ப்பது?

பதில், கிருஷ்ணகிரி, டூல் ரூம்:
சார், கோடு எல்லா உருப்படியிலும் ஒரே மூலையில்தானே வருகிறது? கம்பியிலேயே இருந்த கோடு என்றால் நீளவாக்கில் ஓடும், தேடிப்பிடித்து ஒரே மூலையில் வந்து உட்காராது. எனக்கு இது மடிப்பு மாதிரிதான் தோன்றுகிறது, அதாவது அடிக்கும்போது இரும்பு தன் மேலேயே மடிந்து ஒட்டாமல் நிற்பது.

ஒன்றை அறுத்துப் பாருங்கள். கோட்டுக்குக் குறுக்கே அறுத்து, எமரி பேப்பரில் கண்ணாடி மாதிரி தேய்த்து, 2 சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்த ஸ்பிரிட்டைச் சில நொடி தடவிக் கழுவுங்கள். (கையுறை கட்டாயம். ஸ்பிரிட்டில்தான் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், மூடி வைக்கக் கூடாது.) லென்ஸில் பார்த்தால் கோடு மேற்பரப்பை ஒட்டிச் சாய்ந்து ஓடி, உள்ளே ஸ்கேல் (காய்ச்சும்போது இரும்பின் மேல் படியும் கருப்புச் செதில்) அடைத்து, இரண்டு ஓரமும் வெளிறியிருந்தால் மடிப்புதான். கார்பன் எரிந்துபோன இடம்தான் அப்படி வெளிறும், அது உலைச் சூட்டில் நடப்பது. ஹார்டனிங் விரிசல் என்றால் நேராக உள்ளே இறங்கும், ஓரம் வெளிறாது.

அப்புறம், அந்த டை மூலையின் ரேடியஸை அளந்தீர்களா?

பதில், பாலக்கோடு, கொல்லுப் பட்டறை:
தம்பி, டை விஷயம் எனக்குத் தெரியாது. நாங்கள் லாரி பட்டையில் கொடுவாள் அடிக்கிறவர்கள். ஓரத்தில் அடிக்கும்போது இரும்பு உதடு மாதிரி பிதுங்கும். அதை அப்படியே மேலே அடித்துப் படுக்க வைத்தால் மறைந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் நடுவில் ஸ்கேல் மாட்டிக்கொண்டால் இரும்போடு இரும்பு சேராது. தோய்த்து எடுத்ததும் அதே இடத்தில் கோடு. உதடு தெரிந்த உடனே அரத்தாலோ கிரைண்டராலோ எடுத்துவிட்டு மறுபடி காய்ச்சச் சொல்லுவார் என் அப்பா.

ஓசூரிலிருந்து:
அறுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே சாய்ந்த கோடு, இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை. பழைய உருப்படி ஒன்றை எடுத்து ரேடியஸ் கேஜ் வைத்தேன்: மூலை 6 மி.மீ. இப்போது வருவதில் 2.5. வெட்டும்போது யாரும் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பதில், கிருஷ்ணகிரி, டூல் ரூம்:
அதுதான் சார். மூலை கூர்மையாக இருந்தால் இரும்பு அதை ஒட்டி வளைந்து போகாது. தாண்டிக் குதித்து டைக் குழியின் அடியில் மோதி, திரும்பி வந்து தன் மேலேயே மடியும். ரேடியஸைப் பழையபடி ஆக்கிப் பாலிஷ் போடுங்கள். முதல் இரண்டு அடி மெதுவாக விழட்டும், எடுத்த எடுப்பில் முழு அடி வேண்டாம். பில்லட் (அடிக்க வெட்டிய கம்பித் துண்டு) 1200 டிகிரி அளவில் வெளியே வரட்டும், 900-க்குக் கீழே இறங்கினால் அடிக்காமல் உலைக்கே அனுப்புங்கள். டையை 200 டிகிரிக்காவது சூடாக்கி ஆரம்பியுங்கள், குளிர்ந்த டை இரும்பின் மேல்தோலை இறுக்கிவிடும். ஒவ்வொரு அடிக்கும் நடுவே காற்றடித்து ஸ்கேலை ஊதுங்கள். ரிஜெக்ட் ஆன 14-ஐ மறுபடி காய்ச்சி அடிக்க வேண்டாம், மடிப்பு மூடிக்கொள்ளுமே தவிர போகாது. கிரைண்டிங் செய்ய அளவு இடம் தருமா என்று பார்ட்டியிடம் கேளுங்கள்.

ஓசூரிலிருந்து:
டை திரும்பி வந்தது. நேற்று 40 அடித்தோம், ஒன்றில் மட்டும் கோடு, அதுவும் எதிர்ப்பக்கம். பில்லட் நடுவில் உட்காராமல் விலகியிருந்தது என்கிறார் ஹேமர்காரர். கீழ் டையில் ஒரு ஸ்டாப்பர் வைத்துப் பார்க்கிறோம். சப்ளையரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.