சூரியக் கல்லும் ரூன் கல்லும் ஒரே சுவரில்: எதைக் கவனிக்கணும்?

கோட்டோவியம்:
வணக்கம். கல்லூரி விழாவுக்கு ஒரு சுவர் ஓவியம். இடப்பக்கம் பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் செதுக்கிய சூரியக் கல், 120 செ.மீ. விட்டம். வலப்பக்கம் வைக்கிங் ரூன் கல் (வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்து பொறித்த கல்), நடுவே வெக்விசிர் திசைகாட்டிக் குறி, ஓரத்தில் "செந்தில்" என்ற பெயர். சூரியக் கல் படங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சிலவற்றில் வளையத்தில் உள்ள 20 நாள் குறிகள் வலஞ்சுழி, சிலவற்றில் இடஞ்சுழி. எது சரி? ரூன் எழுத்து 24ஆ, 16ஆ?

உளிச்சத்தம்:
இடஞ்சுழிதான். உச்சியில் நிற்கும் கூர்முனைக்கு இடப்பக்கம் முதலை (சிபாக்ட்லி) தொடங்கும். காற்று, வீடு, பல்லி, பாம்பு என்று இறங்கிச் சுற்றி வந்து, முனையின் வலப்பக்கம் பூவில் முடியும். வலஞ்சுழிப் படம் என்றால் யாரோ கண்ணாடி பிம்பமாகத் திருப்பியிருக்கிறார்கள். சரிபார்க்க எளிய வழி: நடு முகத்தைச் சுற்றியுள்ள 4 கட்டங்களில் ஜாகுவார் மேல் வலப்பக்கம் இருக்கணும். பிறகு இடஞ்சுழியாகக் காற்று, மழை, நீர். ஆஸ்டெக் நம்பிக்கைப்படி அழிந்துபோன நான்கு சூரியன்கள், அதாவது முந்தைய நான்கு யுகங்கள், அவை. ஒவ்வொரு கட்டத்திலும் 4 புள்ளி இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

20 குறி என்றால் ஒன்றுக்கு 18 பாகை. வளையத்தின் ஆரம் 30 செ.மீ. என்று வைத்தால் கவராய அகலம் 9.4 செ.மீ. அதை 9.5 என்று வைத்துக்கொண்டே போனால் கடைசியில் 2 செ.மீ.க்கு மேல் இடிக்கும். பூவை நசுக்கித்தான் போடணும். முதலில் நான்காக வெட்டி, ஒவ்வொரு கால் பங்கையும் ஐந்தாக்குங்கள். உச்சிக் கோடு இரண்டு குறிகளுக்கு இடையில் விழணும், குறியின் நடுவில் அல்ல. பலரும் சறுக்குவது இங்கேதான்.

உச்சிச் சதுரத்தில் நாணல், சுற்றி 13 புள்ளி. ஐந்துக்கு ஒரு கோடு போடுவது மாயர் வழக்கம், இங்கே புள்ளி மட்டும்தான். "ஆஸ்டெக் நாட்காட்டி" என்று தலைப்பும் வேண்டாம். அவர்களின் 260 நாள் கணக்குக்கு 20 குறியோடு 1 முதல் 13 வரை எண்களும் சுழலணும். அந்த எண் வளையம் இந்தக் கல்லில் இல்லை.

மரப்பட்டை:
வைக்கிங் காலம் என்றால் 16 எழுத்து. 24 அதற்கு முந்தைய வரிசை.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். நம் ககரம் போலவே ஒரே எழுத்து க, g இரண்டு ஒலிக்கும் வரும். த-வுக்கும் d-க்கும் ஒன்று, ப-வுக்கும் b-க்கும் ஒன்று. எ-க்குத் தனி எழுத்து இல்லை, இ-தான். ஆக செந்தில், ரூன் எழுத்துகளின் பெயரில் சொன்னால்: சோல், ஈஸ், நௌத், டீர், ஈஸ், லோகர். தகரத்துக்கு முன் வரும் நகரத்தைப் பழைய கல்வெட்டுகளில் விட்டுவிடுவதும் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'துர்ஸ்' எழுத்தைப் போட்டுவிடாதீர்கள். நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதும் ஒலி அது, நம் தகரம் அல்ல.

கிடைக்கோடு ஒன்றுகூட வரக்கூடாது. மரத்தின் நார் ஓடும் திசையில் கீறினால் கோடு மறைந்துபோகும், இல்லையென்றால் மரம் பிளக்கும். அதனால்தான் எல்லாமே செங்குத்தும் சாய்வுமாக இருக்கின்றன. தூரிகையிலும் அந்தச் சாய்வை விடாதீர்கள்.

வெக்விசிரைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது 1860இல் ஐஸ்லாந்தில் தொகுத்த ஹுல்ட் கையெழுத்துப் பிரதியில் உள்ள குறி. வைக்கிங் காலம் முடிந்து ஏறத்தாழ 800 ஆண்டு கழித்து!

கோட்டோவியம்:
மிக்க நன்றி. அப்படியானால் நடுவில் என்ன வரையலாம்? நிறம்?

மரப்பட்டை:
டென்மார்க்கின் யெல்லிங் பெரிய கல்லில் உள்ள விலங்கு. டென்மார்க் மன்னன் ஹரால்ட் நீலப்பல்லன் தன் தாய் தந்தை நினைவாக 965 வாக்கில் நட்டது. சிங்கம் போன்ற உடல், அதைச் சுற்றிப் பின்னிய பாம்பு. உடல் கோட்டை இரட்டையாக இழுங்கள், தொடை சேரும் இடத்தில் ஒரு சுருள். பின்னலில் பட்டை ஒருமுறை மேலே, அடுத்த முறை கீழே என்று மாறணும். பென்சிலில் முழுதும் முடித்த பிறகே மறையும் கோடுகளை அழியுங்கள். முன்பே அழித்தால் எது மேலே என்று குழம்பிவிடும்.

உளிச்சத்தம்:
நிறத்துக்குச் சாம்பல் வேண்டாம். சூரியக் கல்லில் சிவப்பும் மஞ்சள் காவியும் பூசிய தடம் உண்டு. ரூன் கற்களுக்கும் சிவப்பு, கறுப்பு தீட்டியிருக்கிறார்கள். செங்காவி ஒரு டப்பா வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் ஆகும். மஞ்சள் காவியை முதலில் பூசிக் காயவிட்டுச் சிவப்பைப் போடுங்கள். ஈரத்தில் போட்டால் 9 செ.மீ. குறிக்குள் இருக்கிற நுண்கோடெல்லாம் கலங்கிவிடும்.