புற்றுநோய் மரபணு ஆய்வகத்தில் உதவியாளர் வேலை: சேரலாமா?

காட்பாடிக்காரி:
எம்.எஸ்சி. உயிரித் தொழில்நுட்பம் முடித்திருக்கிறேன். வேலூரிலேயே ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், ஒரு வருட ஒப்பந்தம். வீட்டில் பி.எட். படி என்கிறார்கள். நாள் முழுக்க என்ன வேலை இருக்கும்?

சத்துவாச்சாரி அக்கா:
மூன்று வருடம் பார்த்தேன்மா. காலையில் ஊதா மூடி போட்ட இரத்தக் குழாய்கள் வரும், எண் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி, டிஎன்ஏ பிரித்து, அது சுத்தமாக இருக்கிறதா என்று காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 பக்கம் வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் பிசிஆர், அதாவது வேண்டிய டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுப்பது. ஒரு தடவை இரண்டு குழாய்களில் எண்ணை மாற்றி ஒட்டிவிட்டேன். ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா மறுபடி கையை நீட்டினார், முழங்கை மடிப்பில் பழைய ஊசித் தடம் கன்றிப்போயிருந்தது. எண்ணை இரண்டு முறை வாசி.

குடியாத்தம்:
சேருங்கள். பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் மரபணுக்களில் பிஆர்சிஏ1 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது, பிஆர்சிஏ2 13-ஆவதில். பெற்றோரில் ஒருவருக்கு இவற்றில் ஒன்றில் கேடான மாற்றம் இருந்தால், அது ஒவ்வொரு பிள்ளைக்கும் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகனுக்கும்தான். பிஎச்.டி. பதிவு கிடைக்குமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

காட்பாடிக்காரி:
சரி அக்கா, திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன்.