'புரூன்' என்ற வினைக்குத் தமிழ்: கவாத்தும் முளைக்கிள்ளலும்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

கேள்விக்குக் கேள்வி கிளை பிரிந்து முடிவு சொல்லும் கணினி முறையான தீர்மான மரம் பற்றிய பாடத்தில், வேண்டாத கிளைகளை நீக்குவதைக் குறிக்கும் 'புரூன்' (prune) என்ற ஆங்கில வினைக்குக் கத்தரித்தல், கழித்தல் என்ற இரண்டு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டன. முதலாவது, படத்தின் ஓரத்தை வெட்டும் 'கிராப்' என்பதற்கு ஏற்கெனவே புழங்குகிறது. கிளை கழித்தல் ஊர் வழக்கில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் எண்கள் நிறைந்த பாடத்தில் மாணவர் அதைக் கணக்குக் கழித்தலாகவே படிப்பார். ஆகவே, தோட்டத்தில் செடியின் கிளைகளை வெட்டிச் சீராக்குவதைக் குறிக்கும் 'கவாத்து' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

ஆங்கில வினையும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த தோட்டச் சொல்லே. உலர்ந்த பிளம் பழத்தைக் குறிக்கும் 'புரூன்' இலத்தீன் பழப்பெயரிலிருந்து வந்த வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில், 1820-களில் காபி வந்து சேர்ந்த எங்கள் ஏற்காட்டில், பழம் பறித்து முடிந்ததும் கவாத்து தொடங்கும். ஒருமுறை காய்த்த கணுவில் மறுபடி காய் பிடிக்காது என்பதால், செடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பட்டுப்போன கிளைகளையும் நடுவில் வெளிச்சத்தை மறைப்பவற்றையும் நீக்கி, அடுத்த ஆண்டு காய்க்கவேண்டிய சிம்புகளை விட்டுவைக்கிறார்கள். எதை விடவேண்டும் என்று தெரிந்தவர் கையில்தான் கத்தரியைக் கொடுப்பார்கள். 1984-இல் பிரெய்மன் முதலிய நால்வர் எழுதிய, தீர்மான மரம் அமைக்கும் 'கார்ட்' முறையும் இதையே செய்கிறது: மரத்தை முழுதாக வளரவிட்டு, பிழையைக் குறைக்கப் போதிய அளவு உதவாத கிளைகளைப் பிறகு நீக்குகிறது.

சதுரங்க நிரல்கள் நகர்வுகளைத் தேடும் ஆல்பா-பீட்டா முறையிலும் ஆங்கிலத்தில் 'புரூன்' என்றே சொல்வார்கள்; ஆனால் அதற்குக் கவாத்து என்ற சொல் பொருந்தாது. ஒரு நகர்வு, முன்பு கண்டதைவிடச் சிறந்ததாக இராது என்று உறுதியானதும், அதன்கீழ் மிச்சமுள்ள கிளைகளை நிரல் விரிப்பதே இல்லை. வளராத கிளைக்குக் கவாத்து ஏது? காபித் தண்டில் கிளம்பும் வேண்டாத தளிரை விரலாலேயே கிள்ளி எறிவார்கள். முளையிலேயே கிள்ளு என்பது நம் எல்லோர் வாயிலும் உள்ள பேச்சு. எனவே ஆல்பா-பீட்டாவுக்கும், தீர்மான மரத்தை வளரும்போதே நிறுத்தும் முறைக்கும் 'முளைக்கிள்ளல்' என்று வைக்கலாம்.

கவாத்து என்பது காவலர் அணிவகுப்புப் பயிற்சியையும் குறிக்குமே என்று கேட்கலாம். மரமும் கிளையும் பக்கத்தில் நிற்கும் இடத்தில் அந்த ஐயம் எழாது. கவாத்து செய், கவாத்து செய்த மரம், கவாத்து அளவு என்று சொல் தடையின்றி விரிகிறது. கவாத்து, முளைக்கிள்ளல் இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து ஓர் உறுப்பினர்