மால்மோவில் இல்லாத கிரேன்

சுவீடனில் உள்ள மால்மோ நகரின் மேற்குத் துறைமுகத்துக்குப் போகிற எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டர்னிங் டோர்ஸோவின் அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். 190 மீட்டர், 54 மாடி. உச்சிக்குப் போவதற்குள் கட்டடம் 90 டிகிரி திரும்பிவிடுகிறது, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி. உள்ளே வீடுகள், அதனால் சும்மா ஏறிப் பார்க்க முடியாது. சரி என்று கடலோர நடைபாதைக்குப் போனேன்.

காற்று ஆளையே தள்ளியது. அந்தக் குளிரிலும் நாலு பேர் மரத்தளத்திலிருந்து கடலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர், "டோர்ஸோவைப் படம் எடுத்தாயிற்றா? கிரேனை எடுத்தீர்களா?" என்று கேட்டு வெறும் வானத்தைக் காட்டினார்.

கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவராம். 138 மீட்டர் உயரக் கிரேன், 1500 டன் தூக்கும். 1980களில் வணிகக் கப்பல் கட்டுவது நின்றது. அப்புறம் வந்த சாப் கார் ஆலையும் இரண்டு வருடத்தில் மூடியது. டென்மார்க்குக்குப் போகும் ஓரசுண்ட் பாலத்துக்கான வேலைதான் கிரேனுக்குக் கடைசி. 2002இல் பிரித்துக் கப்பலேற்றித் தென்கொரியாவின் உல்சானுக்குக் கொண்டுபோனார்கள். ஹூண்டாய் கொடுத்த விலை ஒரு டாலர். 'மால்மோவின் கண்ணீர்' என்று அங்கே அதற்குப் பெயர்.

"வழியனுப்ப ஊரே கரையில் நின்றது. நான் வேண்டுமென்றே வெளியூர் போய்விட்டேன்" என்றார்.

அப்படியென்றால் இந்தப் புதுக் குடியிருப்புகள் பிடிக்காதோ என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கூட்டிப்போனார். பத்தடி போனதும் காற்று நின்றுவிட்டது! 2001 வீட்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய பகுதி அது. கடலோரம் உயரமான கட்டடங்கள், உள்ளே தாழ்ந்த வீடுகள், வேண்டுமென்றே கோணலாகப் போட்ட சந்துகள். மழைநீரைக்கூடக் குழாயில் ஒளிக்காமல் திறந்த வாய்க்காலில் ஓடவிட்டிருக்கிறார்கள். டோர்ஸோவைவிட எனக்கு இதுதான் பெரிய வேலையாகத் தெரிந்தது.

"கப்பல் தளத்தில் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. குளிரில் விரல் மடங்காது" என்றார் அவர். மிச்சக் காபியை அங்கே நின்று நிதானமாகக் குடித்து முடித்தார்.

கிளம்பும்போது அந்த வானத்தையும் படம் எடுத்துக்கொண்டேன். 'கொஞ்சம் இடப்பக்கம்' என்று திருத்தினார்.